ஐந்தில் மூன்று குழாய்

எனக்கு மூத்திரத்தில் கிருமி வந்தால் எரியாது. இடுப்புக்குக் கீழே எதுவும் எரியாது, குளிராது, கடிக்காது. பாரிஸுக்குப் பக்கத்தில், ஆர்ஜொந்தெய்யில் ஒரு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போய், ஏணியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டை முறித்துக்கொண்ட அன்றோடு அந்தத் தொடர்பெல்லாம் அறுந்துவிட்டது. ஆகவே கிருமி வேறு வழியில் செய்தி அனுப்பும். ஒன்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் சும்மா கிடக்கும் என் கால்கள், காய்ச்சல் வருமுன்பே தாமாகத் துள்ளத் தொடங்கும்.

அந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது தடவை அவை துள்ளியபோது லா சப்பலில், நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில், ஒரு அம்மாவுக்கு முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த அரை மணி நேரத்தில் நாலு தரம் காய்ச்சல் பார்த்தேன். மனைவிக்குப் போன் எடுத்து, காப்புறுதிப் பத்திரம் எந்த மேசை லாச்சியில் இருக்கிறது என்றும் சொல்லிவைத்தேன்.

“இஞ்சருங்கோ, காய்ச்சல் எவ்வளவு?”

“முப்பத்தேழு தசம் ரெண்டு.”

“அது மனிசருக்கு இருக்கிற சூடுதானே! முதல்லை வீட்டை வாங்கோ. வந்து ஆறுதலாச் சாகலாம்.”

பியர்ஃபித்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முப்பத்தொன்பதரை. மனைவி பகிடியை நிறுத்திவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி.

மூத்திரம் தானாகப் போகாத என்னைப் போன்றவர்கள் மெல்லிய குழாயொன்றை விட்டு அதை வெளியே எடுக்கவேண்டும். கையை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஒவ்வொரு தரமும் புதுக் குழாய். உள்ளே தேங்கி நின்றால் கிருமி குடியேறும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஆஸ்பத்திரித் தாதி, ஒரு பாண்டிச்சேரிப் பெண், ஒரு தாளைத் தந்து எடுக்கும் நேரத்தையும் அளவையும் ஒரு கிழமைக்கு எழுதி வரச் சொன்னார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துச் சிரித்தார்.

“என்னாண்ணே இது? ஏழு நாளும் அஞ்சு அஞ்சு வாட்டி, எல்லாமே முன்னூத்தம்பது மில்லி! கொழாத் தண்ணி கூட இவ்ளோ சரியா வராதே.”

“நான் ஒழுங்கான ஆள், தங்கச்சி.”

“எல்லாம் ஒரே மையில இருக்குது. மெத்ரோவுல வரும்போது எழுதினீங்களா?”

“மெத்ரோவிலை என்ரை கதிரை இறங்காது. பஸ்ஸிலை எழுதினது.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்கான் படத்தை என் பக்கம் திருப்பினார். இடது சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருந்தது.

“இப்படியே விட்டா இது போயிடும்ணே. நெசத்தச் சொல்லுங்க. எத்தினி வாட்டி எடுக்குறீங்க?”

“மூண்டு.”

மருத்துவக் காப்புறுதி தரும் ஐந்தில் மிச்ச இரண்டு குழாயும் தினமும் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் போயின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது வவுனியாவுக்குப் போகும். அங்கே என் பள்ளிக்கூடச் சிநேகிதன் இருக்கிறான். போரில் முதுகில் ஷெல் துண்டு பட்டவன். ஒரே குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவிக் கிழமைக்கணக்கில் வைத்திருப்பதாக ஒருநாள் போனில் சொன்னான். அதற்குப் பிறகு என்னால் ஐந்து எடுக்க முடியவில்லை. அவனிடம் மிச்சம் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படி எழுதினால் நான் நல்லவனாகத் தெரிகிறேன். கடைக் கழிப்பறை படியிறங்கி நிலக்கீழ் அறையில் இருக்கிறது. நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டுத்தான் காரியம் பார்க்கவேண்டும். இரண்டு தரம் தவறவிட ஒரு புண்ணியக் காரணம் கிடைத்ததும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீரையும் குறைத்தேன். தியாகம் பாதி, சோம்பல் பாதி.

தாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நல்ல மனசுதாண்ணே,” என்றார். “ஆனா கெட்டுப்போன கிட்னிய யாருக்குப் பார்சல் அனுப்புவீங்க?”

இனி அனுப்ப முடியாது என்று சிநேகிதனிடம் சொல்ல எனக்கு நாலு நாள் எடுத்தது. நல்ல பகிடி இரண்டைத் தயாரித்து வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து அவனுக்குப் போன் எடுத்தேன்.

“பாசல் போட்டிட்டியோ மச்சான்? இஞ்சை கடைசிப் பக்கெற் கிடக்கு.”

பகிடி இரண்டையும் விட்டுவிட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன்.

“மிச்சம் எண்டெல்லோ சொன்னனீ?”

“ஓம்.”

“விசரா! உன்ரை மூத்திரத்தை அடக்கிக்கொண்டு எனக்கு உபகாரமோ? நான் கேட்டனானோ?”

“இல்லை.”



“அப்ப இனி வராது, என்ன?”

“பெட்டியிலை அறுபது கிடக்கு. அதை அனுப்புறன்.”

“அனுப்பு,” என்றான். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று சொல்வான் என எதிர்பார்த்திருந்தேன். அந்த ஒரு சொல்லில்தான் அவனுடைய நிலைமை எனக்கு முழுதாக விளங்கியது.

“அது முடிஞ்சால்?” என்று கேட்டேன்.

“முடிஞ்சால் முந்தின மாதிரிக் கழுவுறதுதான். அதை விடு. நீ கடைசியா எப்ப எடுத்தனீ?”

மணிக்கூட்டைப் பார்த்தேன். “ஆறு மணித்தியாலம் இருக்கும். உனக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன்.”

“வைச்சிட்டுப் போடா முதல்லை!”

அவனே வைத்துவிட்டான். நான் போனேன்.