முகவரிக் கட்டத்தில் எழுதியவை

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, பதிவுக் கவுண்டரில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தபோது மருந்தகத்துச் செல்வி அக்கா என் அருகில் வந்து, "ஜமால் சார் தவறிட்டாராம்டி, நெஞ்சுவலியாம்" என்றார். எதிரில் நின்றவரின் பெயரை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மனத்தில் நிற்கவில்லை.

நம் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய மென்பொருளை மாற்றியபோது நடந்தது பலருக்குத் தெரியாது.

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் வடிந்த பிறகு மாற்றுவதாக நாள் குறித்திருந்தார். அதற்கு முன் எல்லோரையும் கூட்டி, "பழசுல என்னென்ன தப்பா பண்றீங்கன்னு சொல்லுங்க. சரியா பண்றது எனக்கே தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பழையதில் ஒவ்வாமையைக் குறிக்க இடமே இல்லை. அதனால் கவுண்டரில் இருந்தவர்கள் முகவரியின் 'அடையாளம்' கட்டத்தில் எழுதிவந்தோம்: 'ஏரிக்கரை அருகில், பென்சிலின் ஆகாது.' புதியதில் அந்தக் கட்டம் கிடையாது. யாருக்காவது ஆகாத ஊசி போய்விடுமே என்று பயம். பத்தாவதுகூட முடிக்காதவள் சொன்னால் யார் கேட்பார்கள் என்று தயக்கம். மாற்றுவதற்கு முந்தைய நாள் மதியம் இதை ஒரு டோக்கன் சீட்டில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நேராகக் கவுண்டருக்கு வந்தார்.

"எத்தனை பேருக்கும்மா இப்படி எழுதியிருக்கீங்க?"

"நிறைய சார்."

அங்கேயே நின்று பெரிய டாக்டருக்குப் போன் செய்தார். "நாளைக்கு மாத்த முடியாது சார். இல்ல சார், அவங்க மேல தப்பில்ல, நான் விசாரிச்சது கம்மி. கவுண்டர் ரேவதிதான் கண்டுபிடிச்சா." மறுமுனையில் குரல் உயர்ந்தது எனக்கும் கேட்டது. "பத்து நாள் குடுங்க சார், திட்டு ஜாஸ்தியானாலும் வாங்கிக்கிறேன்."

அந்தப் பத்து நாளும் இருவரும் ஒவ்வொரு முகவரியாகப் படித்து, ஆகாத மருந்துகளைப் புதியதில் ஏற்றினோம். ஒன்றில் 'கோவக்காரர்' என்று இருந்தது. இதையும் ஏற்ற வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. அவர் வந்து நின்னாலே தெரிஞ்சிடும்."

மாற்றிய இரண்டாம் நாள், கீழ்பென்னாத்தூர்ப் பெரியவர் ஒருவருக்காக ஊசியை எடுத்த நர்ஸ், திரையில் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார். ஜமால் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது ஆய்வகத்துக் கம்ப்யூட்டர்களை மாற்றப்போகிறார்கள். நேற்றைய கூட்டத்தில், ஜமால் சார் இடத்துக்குப் புதிதாக வந்தவர், "எல்லாம் ஓகேதானேங்க?" என்றார். நான் எழுந்தேன். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் ஆய்வகச் சீட்டின் மூலையில் அப்பா பெயரைக் கிறுக்கிவைப்போம் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. ஆனாலும் முழுவதையும் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். ஜமால் சார் எனக்கு விட்டுச்சென்றது அதுதான்.