நாக்கில் கரையும் தாள்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய குழி எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மாமியார் தரும் மாத்திரையை அதில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்துவிடுவேன். பிறகு வாசலில் இருக்கும் ரோஜாத் தொட்டியில் துப்பி மண்ணைத் தள்ளிவிடுவேன். காக்ஸ் டவுனிலேயே மனம் தெளிந்த ரோஜாச் செடி எங்கள் வீட்டில்தான் இருந்தது.

மாத்திரை எதற்கென்றால், எனக்கு ஒரு குரல் கேட்கும். யாரோ ஒரு பெண். பயமுறுத்தமாட்டாள். மத்தியானமானால் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பாள். மாமியாரைத் திட்டுவாள், என் வாயில் வராத வார்த்தைகளெல்லாம் அவளுக்குச் சரளமாக வரும், கன்னடத்திலும். நான் சிரித்துவிடுவேன். தனியாகச் சிரிக்கிறாள் என்றுதான் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவளை இழக்க எனக்கு மனமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

செடி பட்டுப்போனதும் மாமியார் தொட்டியைக் கிளறினார். மாத்திரைகள் வந்தன. கணவர் பொம்மசந்திரா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் இருவரையும் டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார். நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும் மெல்லிய தாள், ஆரஞ்சு வாசனை. "இனிமே ஏமாத்த முடியாது," என்றார். என்னிடம் அல்ல, அவர்களிடம்.

மாமியாருக்கு அந்த வேலை பிடித்துப்போனது. சர்ச் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதுபோல நாக்கை நீட்டச் சொல்வார். வைத்ததும் தாடையைப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமென் சொல்லு. வாயத் தொற. ம், போ." துப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மிட்டாய்த் தித்திப்பு மட்டும் இருக்கும். அந்தத் தித்திப்பை நான் வெறுத்தேன்.

நல்ல மருந்துதான், பொய் சொல்லக் கூடாது. அவள் குரல் பக்கத்து வீட்டு டிவிபோலத் தேய்ந்து, ஒரு மத்தியானம் வரவே இல்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சோறு ஆறிப்போனது.

அப்போது பின்னாலிருந்து மாமியார் கேட்டார்: "சாப்ட்டியா?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் இல்ல அத்தை," என்றேன்.

"சீக்கிரம் சாப்ட்டுத் தொலை. வயிறு எரியுதுன்னு டாக்டர்கிட்ட நீதானே சொன்ன? சாப்ட்டப்புறம்தான் குடுக்கணுமாம்."

திரும்பிப் பார்த்தேன். மருந்துக் கவரை ஏற்கெனவே கிழித்துக் கையில் வைத்திருந்தார்.