ஒட்டாத சொல்

ராஜபாளையத்தில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டித் தருகிறவர் அவர். காதில் பென்சில், விரல் நுனியெல்லாம் பசை. எதை வெட்டினாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, பின்னால் வருகிறவனைப் போல வாய்விட்டு வாசித்துப் பார்ப்பார்.

லாரி மோதி என் தம்பி இறந்த மறுமாதம் அவரிடம் போனேன். ‘என் தம்பியைக் கொன்றது’ என்று ஒரு தாளில் எழுதி, கீழே லாரி நம்பரையும் ஓனர் பெயரையும் போட்டு, பைக்கில் ஒட்டக் கேட்டேன். அவர் காதுப் பென்சிலை எடுத்து, நம்பரையும் பெயரையும் கோடு போட்டு அடித்தார். பிறகு ‘கொன்றது’ என்பதையும் அடித்தார்.

“கொன்னதுன்னு கோர்ட்டுதான் சொல்லணும். செத்தான்னு நீங்க சொல்லலாம்.”

“ஊருக்கே தெரியுமே அண்ணாச்சி.”

“கேஸ் நடக்குல்லா? அவிய வக்கீலு இதையே போட்டோ எடுத்துட்டுப் போய் நிப்பாரு. தீர்ப்பு வரட்டும். பொறவு நீங்க கேட்டதையே ஒட்டித் தாரேன்.”

‘என் தம்பி இந்த ரோட்டில் செத்தான். மெதுவாகப் போங்கள்’ என்றுதான் ஒட்டினார். ஆனால் ‘கொன்றது’ என்பதையும் என் கண்ணெதிரே சிவப்பில் வெட்டி டிராயரில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய்த் திரும்புவது அவர் கடை வழியாகத்தான். நிமிர்ந்து பார்ப்பார். தீர்ப்பு வரவில்லை என்று தலையாட்டுவேன். அவர் என்னைக் காப்பாற்றினாரா, என் வாயை அடைத்தாரா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன வாய்தாவன்று கைகாட்டி நிறுத்தினார். டிராயரைத் திறந்து அந்தச் சிவப்புச் சொல்லைக் காட்டினார்.

“பழசுல பசை காஞ்சு போச்சு. வேற வெட்டி வச்சிருக்கேன். இது மூணாவது.”