மூக்கர் சொன்ன பொய்

எங்கள் கடையில் அவருக்குப் பெயரே மூக்கர்தான். வேன்களில் ஒட்டுகிற வினைல் படத்தை நான் பிரிண்ட் எடுப்பேன். அதன்மேல் லேமினேஷன் தாளை மெஷினில் விட்டு அழுத்துவது அவர் வேலை. மையின் வாடை போக பிரிண்ட் ஒரு நாளாவது ஆற வேண்டும். அவசரப்பட்டு மூடினால் வாடை உள்ளேயே சிக்கி, வண்டியில் ஒட்டிய பிறகு ஓரமெல்லாம் தூக்கிக்கொள்ளும். மூக்கர் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். ரோலில் மூக்கை வைத்து ஒரே இழுப்பு. "காயல" என்றால் முதலாளியே வாயை மூடிக்கொள்வார். அவ்வளவு திமிர் அந்த மூக்குக்கு.

அன்று ஒரு பேக்கரி வேனுக்கான பிரிண்ட். காலையில்தான் எடுத்திருந்தேன். மறுநாள் கிரிக்கெட் ஃபைனல். லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருவது மூக்கரின் திட்டம். மாலையில் ரோலை முகர்ந்தார்.

"காஞ்சிடுச்சு."

"இவ்ளோ சீக்கிரமாவா அண்ணே?"

"வெயில் காலம்ல."

மூக்கே சொன்ன பிறகு நான் யார்?

மூன்றே வாரத்தில் வேன் திரும்பி வந்தது. கதவு ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. அதை ஒட்டியவர் மூக்கருடைய தங்கையின் கணவர். ஒட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. முதலாளி எல்லார் முன்னாலும் அவரைக் கிழிகிழி என்று கிழித்தார். இனி புது வண்டியைத் தொடக்கூடாது, பழைய ஸ்டிக்கரைச் சுரண்டுகிற வேலை மட்டும்தான்.

"ஒருவேளை பிரிண்ட் காயலையோ?" என்று நான் மெல்ல இழுத்தேன்.

"சேச்சே, மச்சான் பாத்தா தப்பாகாது. என் கைதான் முன்ன மாதிரி இல்ல" என்றார் அந்த மனுஷர்.

மூக்கர் பக்கத்திலேயே நின்றார். லேமினேஷன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கருக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த ரோலில் லேமினேஷனோடு மிஞ்சிய துண்டைத் தூக்கிப் போடவும் மனம் வராமல் இரண்டு மாதம் தன் அலமாரியில் வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாராம். பின்கட்டில் ஒரு பழைய கார் கதவைச் சாய்த்துவைத்து, கழிவுத் தாளை ஒட்டுவதும் உரிப்பதுமாக இருந்தாராம் மாப்பிள்ளை. கதவைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கை, "தினமும் இதேதாண்ணே. கை போயிடுச்சுன்னு பயப்படறாரு" என்றாளாம்.

மூக்கருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பையில் கொண்டுபோயிருந்த அந்தத் துண்டை எடுத்து, லேமினேஷன் தாளை உரித்து நீட்டினார்.

"மோந்து பாருங்க மாப்ளே."

முகர்ந்தார். மை வாடை அப்படியே இருந்தது.

"அன்னிக்கே தெரியும் எனக்கு. மேட்ச் பாக்கணும்னு பொய் சொல்லிட்டேன். நாளைக்கு முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்."

துண்டைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை கேட்டாராம்: "மேட்ச்ல யாரு ஜெயிச்சா மச்சான்?"

"தெரியல. பாதியிலேயே தூங்கிட்டேன்."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.