ஹெல்மெட்டோடு போய்ப் பார்த்த வீடு

என் கணவர் ஓய்வுபெற ஓராண்டுகூட இல்லாத நேரத்தில்தான் அந்த ஃபிளாட்டைப் பார்க்கப் போனோம். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். நாங்கள் குடியிருந்தது தோட்டத்து லயத்தில், ஆட்களுக்கென்று கட்டிய வரிசை வீட்டில். வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைத் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கொடுத்துவிட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இது தெரியும். தெரிந்தும், அந்த நாள் எங்களுக்கு மட்டும் வராது என்பதுபோல்தான் இருந்தேன்.

எனக்கென்று மனத்தில் ஒரு வீடு இருந்தது. பிரிஞ்சாங்கில் கடைத்தெருவைத் தாண்டி மேட்டில் ஏறினால் ஒரு வரிசை தரை வீடுகள் வரும். அதில் மூலை வீடு. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். துளசித் தொட்டியை எங்கே வைப்பது, காரை எங்கே நிறுத்துவது என்பது வரைக்கும் முடிவு செய்திருந்தேன். எங்களிடம் கார் கிடையாது, ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான். ஒருமுறை என் கணவர் அந்த வரிசையில் விலை விசாரித்துவிட்டு வந்தார். எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை. “அத மறந்துரு லா” என்றார். நான் மறக்கவில்லை. மறக்காததோடு, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

கம்போங் ராஜாவில் ஒரு ஃபிளாட் மலிவாக வருகிறது என்று காய்கறி லோரி ஓட்டுகிற அவருடைய நண்பர் சொல்லியிருந்தார். மூன்றாவது மாடி, இரண்டு அறை, லிஃப்ட் கிடையாது.

“சும்மா பாத்துட்டு வருவோம். பாக்கறதுக்கு யாரும் காசு கேக்கப் போறதில்ல” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

கட்டடத்துக்கு முன்னால் மோட்டாரை நிறுத்தப் போனவரைத் தடுத்து, கடைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். ஞாயிறு என்றால் எங்கள் தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க அங்கே வருவார்கள். யார் கண்ணிலும் படக்கூடாது. அதனால் ஹெல்மெட்டையும் நான் கழற்றவில்லை. முகத்தை முழுக்க மூடுகிற, கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் அது.

“அதக் கழட்டேன். பாக்கறவங்க திருட வந்திருக்கான்னு நெனைக்கப் போறாங்க.”

“குளுருதுங்க. காது வலிக்குது.”

மூச்சுப் பட்டுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. படி தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினேன். கீழே இறங்கி வந்த ஒரு மலாய்ப் பெண் ஒதுங்கி நின்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் மாடியில் கதவைத் தட்டினார். திறந்தவள் முதலில் அவரைப் பார்த்து, “வாங்கண்ணே” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அக்கா, நீங்களா? வாங்க. ஹெல்மெட்டக் கழட்டிட்டு உக்காருங்க. கோயிலுக்குப் போட்டு வர்ற சுவெட்டர்தான, பாத்ததும் தெரிஞ்சிருச்சு.”

ஒரு பூ வியாபாரியின் மனைவி அவள். திரிங்காப்பில் இருக்கிற பூத்தோட்டங்களில் மொத்தமாக எடுத்துக் கீழே ஈப்போவுக்கு அனுப்புகிறவர் அவள் புருஷன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குக் கை நிறையச் சாமந்தியோடு வருவாள். நல்ல சேலை, நல்ல நகை. அவளுக்கு ஏதோ பெரிய வீடு இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்னதானத்துக்கு நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவோம். அப்படி நறுக்கும்போதுதான் நான் என் மூலை வீட்டைப் பற்றி அளப்பேன். “ஃபிளாட்டுல எல்லாம் மனுசன் இருப்பானா லா? புறாக் கூண்டு மாதிரி” என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேரட் சீவிக்கொண்டிருப்பாள்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். முடி கலைந்து வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. ஹெல்மெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அவள் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கூடம் சின்னதுதான், ஆனால் தூசி ஒரு துளி இல்லை. சமையலறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் திரும்ப முடியாது. ஜன்னலைத் திறந்தால் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகத் தெரிந்தன. ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் அவள் எங்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசினாள்.

“இந்தச் சுவத்துல மழ காலத்துல கொஞ்சம் ஈரம் வரும்க்கா. தப்பா நெனச்சுக்காதீங்க. பாத்ரூம் சின்னது. உங்களுக்குப் புடிக்குமோ என்னமோ.”

மாமியாருக்கு முட்டி போய்விட்டதால் படி ஏற முடியவில்லை, ஈப்போவில் கொழுந்தனார் வீட்டுக்குப் பக்கத்தில் போகிறோம் என்றாள். டீ கொடுத்தாள். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, “யாராச்சும் கேட்டா நான் கம்போங் ராஜாவுலன்னு மட்டுந்தான்க்கா சொல்வேன். மாடி வீடுன்னு சொன்னதில்ல” என்றாள்.

என்னைக் குத்திக் காட்டச் சொன்னதாக அது இல்லை. தன்னைப் பற்றித்தான் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் திரிங்காப்பில் மழை பிடித்துக்கொண்டது. மூடிக் கிடந்த ஒரு காய்கறிக் கடையின் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினோம்.

“வேணாம்னா வேணாம்னு சொல்லிரு” என்றார் அவர்.

“மூணு மாடிங்க. வயசான காலத்துல நமக்கும் முட்டி போகும்.”

“போகும்தான். அப்ப பாப்போம்.” மழையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “போன வருசம் ரிடையர் ஆனாரே, எங்க பாய்லர்காரரு. வூடு பாக்கறேன், வூடு பாக்கறேன்னு லயத்துலயே இருந்தாரு. கிராணி வாராவாரம் வாசல்ல வந்து நிப்பான். இவரு உள்ளார ஒளிஞ்சுக்கிட்டு, பொண்டாட்டிய விட்டு ஆள் இல்லன்னு சொல்லச் சொல்வாரு. அவர நான் அண்ணேன்னு கூப்டவன். எனக்கு அது வேணாம்.”

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டு நாளாயிற்று. லயத்தில் எங்கள் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அவர்கள் இருமினால் எங்களுக்குக் கேட்கும். அந்த வீடும் எங்களுடையது இல்லை. அதில் உட்கார்ந்துகொண்டுதான் புறாக் கூண்டு என்று பேசியிருக்கிறேன்.

“வாங்கிரலாங்க” என்றேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் நானே அவளுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். ஆனால் வாயில் வந்தது, “தண்ணி மேல வரைக்கும் நல்லா ஏறுமா?” என்பதுதான். ஏறும் என்றாள். திரைச்சீலைக் கம்பிகளையும் சாமிப் பலகையையும் கழற்றாமல் விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். “சரிம்மா” என்று வைத்துவிட்டேன். சொல்ல நினைத்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

பேங்க் வேலையெல்லாம் முடிந்து, அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய மாதம் குடிவந்தோம். பால் காய்ச்சுவதற்கு யாரையும் கூப்பிடவில்லை. “நம்ம ரெண்டு பேரு போதும்” என்று நான்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தார்.

ஒரு நாள் ஈப்போவிலிருந்து என் அக்கா வந்தாள். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி ஏறினாள். உள்ளே வந்து உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, “வாடகை எவ்ளோடி?” என்றாள்.

“பரவால்ல, கம்மிதான்” என்றேன்.

என் கணவர் பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். குவளையைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். ஈரம் தெரியாமல் இருக்க அந்தச் சுவருக்கு அவர்தான் இரண்டு நாள் முன்பு சாயம் அடித்திருந்தார். விரல் இடுக்குகளில் வெள்ளை இன்னும் போகவில்லை.

அக்கா சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அவர் வழியனுப்பப் போனவர் திரும்பி வந்து என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலையில் அவர் பக்கத்தில் இருக்கும்போதே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, இது வாடகை வூடு இல்ல. வாங்கிட்டோம். எங்க வூடுதான்.”

“அடிப் பாவி, நல்ல விசயந்தானே? நேத்தே ஏண்டி சொல்லல?”

“மறந்துட்டேன்க்கா” என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அக்கா பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.