அறுபது மூட்டை சிமெண்ட்

பிப்ரவரிக் கடைசியில் டெல்லியில் பட்ஜெட் வாசித்தால், மறுநாள் எங்கள் ஆபீஸில் தீப்பெட்டி விலையைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு மேல் யாரும் கவலைப்பட மாட்டார்கள். நான் கவலைப்பட்டேன். எழுபதுகளின் நடுவில் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். எந்த ஒன்றியம் என்று சொல்லப்போவதில்லை. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதனால் சர்க்கார் பணம் என்றால் எனக்குக் கோயில் உண்டியல் பணம் மாதிரி.

அந்த வருஷ பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்திருந்தது. வறட்சி, பெட்ரோல் விலை என்று ரேடியோவில் காரணங்கள் சொன்னார்கள். வரியைக் கூட்டினார்கள். ஜனங்கள் வயிற்றைக் கட்டுவதுபோல சர்க்காரும் கட்டப்போகிறது என்றார்கள். மேலிடத்திலிருந்து சிக்கனச் சுற்றறிக்கை ஒன்றும் வந்தது. தாளின் இரண்டு பக்கமும் எழுத வேண்டும், உறைகளைத் திருப்பி ஒட்டிப் பயன்படுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தச் சுற்றறிக்கையே ஒரு பக்கம் மட்டும் தட்டச்சாகி ஐந்து பிரதி வந்ததைப் பார்த்து ஆபீஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்காமல் பசை வாங்கிவரச் சொல்லி உறைகளை ஒட்ட ஆரம்பித்தேன். நான் ஒருத்திதான் நாட்டைத் தூக்கி நிறுத்துகிறேன் என்ற திமிர்.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். பதினொரு மாதமும் மை புட்டிக்கே முகத்தைச் சுளிக்கும் ஆபீஸ், மார்ச் பிறந்துவிட்டால் கல்யாண வீடாகிவிடும். துடைப்பம், பினாயில், பெஞ்சு என்று வாங்கித் தள்ளுவார்கள். பொருள் வந்து சேராவிட்டாலும், வந்துவிட்டதாக இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கடைக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். சரக்கை ஏப்ரலில் சாவகாசமாக எடுத்துக்கொள்வார்கள். இதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை. மார்ச் வேலை என்பார்கள்.

அந்த மார்ச்சில் எங்கள் கையில் ஒரு கிணறு இருந்தது. பாப்பாரப்பட்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்து ஒருவருடைய தோட்டத்துக் கிணற்றுக்குப் போகவேண்டும். அவர் மனசு வைத்து மோட்டார் போட்டால்தான் தண்ணீர். அந்த ஊருக்கென்று நாங்கள் வெட்டிய கிணற்றில் தண்ணீர் கண்டுவிட்டது. ஆனால் மேல்மண் பொலபொலவென்று இருந்ததால், மழைக்கு முன்னால் உள்ளே சுற்றிலும் கல்கட்டு எழுப்பியாக வேண்டும். அதற்கு அறுபது மூட்டை சிமெண்ட். சிமெண்ட்டுக்கு பர்மிட் வாங்கவேண்டிய காலம் அது. பர்மிட் வந்துவிட்டது, சரக்கு வரவில்லை.

அந்த ஊரிலிருந்து ஓர் அம்மா சந்தைக்குத் தக்காளி கொண்டுபோவார். சந்தை நாள் தவறாமல் ஆபீஸ் வராந்தாவில் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் மேசைக்கு நேரே வந்து நிற்பார்.

"ஏனுங்கம்மா, எங்கூரு கெணறு என்னாச்சுங்க?"

"சிமெண்ட் வரணுங்க. வந்ததும் கட்டிருவாங்க."

மார்ச் கடைசியில் ஹெட் கிளார்க் இருப்புப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "அறுபது மூட்டை வந்துருச்சுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுரும்மா. கடைக்காரர் நம்ம ஆளுதான். அடுத்த மாசம் எடுத்துக்கலாம்."

"வராத சிமெண்ட்டுக்கு நான் எப்பிடிங்க போடறது?"

"எல்லாரும் போடறதுதான். நீ என்ன மேலேர்ந்து குதிச்சவளா?"

நான் போடவில்லை. பணத்தை அரசுக்கே திருப்பி சரண்டர் செய்வதாக அழகான கையெழுத்தில் கடிதம் தயாரித்தேன். அடுத்த வருஷம் நேர்மையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நிஜமாகவே நம்பினேன். பெரிய அதிகாரியும் சிக்கனச் சுற்றறிக்கைக்குப் பயந்து கையெழுத்திட்டார். ஒரு மாதம் கழித்து, சிக்கன நடவடிக்கைக்காக என்னைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அதை அப்பாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

ஐப்பசி மழையில் கிணறு சரிந்தது. ஆள் யாரும் உள்ளே இல்லை, அந்த மட்டும் கடவுள் காப்பாற்றினார். தண்ணீர் கண்ட இடத்தில் இப்போது சேறும் கல்லும்தான். புது வருஷ ஒதுக்கீட்டிலோ அந்தக் கிணற்றின் பெயரே இல்லை. கொடுத்ததையே செலவழிக்கத் தெரியாத ஒன்றியத்துக்கு இவ்வளவு போதும் என்று எங்கள் பங்கைக் குறைத்திருந்தார்கள். பினாயில் வாங்கியே பணத்தைத் தீர்த்த பக்கத்து ஒன்றியத்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

அடுத்த சந்தை நாளில் அந்த அம்மா கூடையோடு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வீட்டு வரி கட்டிய ரசீதை என் மேசையில் பிரித்து வைத்தார்.

"இந்த வருசம் வூட்டு வரி கட்டிட்டனுங்க. தீப்பெட்டிக்கும் வரி சேத்துத்தான் குடுக்கறோம். எங்கூட்டுப் பணம் மிச்சமாயிருச்சுன்னு மேல திருப்பி அனுப்பிட்டீங்களாமே. அது யாருக்குங்கம்மா மிச்சம்?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த அம்மாவுக்கு நிதிநிலை பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் ரசீதை மடித்து முடிந்துகொண்டு சந்தைக்குப் போனார். அன்று கொண்டுபோன சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனேன். வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து மேலே எழுதிக்கொண்டே இருந்தேன். நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். என் தொல்லை தாங்காமலோ என்னவோ, கிணற்றைத் தூர்வாரிக் கட்டப் பணம் அனுமதித்து உத்தரவு வந்தது. அதுவும் மார்ச் கடைசி வாரத்தில். தூர்வாரும் ஆட்கள் உடனே கிடைத்தார்கள். சிமெண்ட் அந்த வருஷமும் வரவில்லை.

நானே பதிவேட்டை எடுத்தேன். ஹெட் கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சுக்க. இந்த வருசம் ஆடிட் கெடுபிடி. எனக்கு ரிட்டயர்மெண்ட் கிட்டத்துல இருக்குது, என்னைய இதுல இழுக்காத."

அறுபது மூட்டை நல்ல நிலையில் பெறப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரருக்குப் பணம் போனது. அதன் பிறகு சிமெண்ட் வரும்வரை நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. கடைக்காரர் கை விரித்திருந்தால் என் வேலையும் போயிருக்கும், கிணறும் போயிருக்கும். ஏப்ரல் பாதியில் லாரி வந்தது. மூட்டைகளை நானே நின்று எண்ணினேன், அறுபதும் இருந்தன. ஆடிக்கு முன்னால் கல்கட்டு முடிந்தது.

தணிக்கைக்கு வந்தவர் லாரிச் சீட்டையும் பதிவேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"லாரி ஏப்ரல்ல வந்திருக்கு. மார்ச்லயே வந்துட்டதா எழுதியிருக்கீங்க. தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?"

"தெரிஞ்சுதாங்க சார்."

"போன வருஷம் இதே கிணத்துப் பணத்தை சரண்டர் பண்ணிப் பாராட்டு வாங்குனது நீங்கதானே? இப்ப என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"போன வருசம் நெசத்த எழுதுனனுங்க சார். பாராட்டு வந்துச்சு, தண்ணி வரல."

அவர் தலையை நிமிர்த்தாமல் குறிப்பு எழுதினார். ஆறு மாதம் என் இன்கிரிமெண்ட்டை நிறுத்தினார்கள். என் பணிப் பதிவேட்டில் பாராட்டுக்கு அடுத்த பக்கத்தில் அந்தத் தண்டனை பதிவானது.

தண்டனை உத்தரவு கைக்கு வந்த வாரம், அந்த அம்மா சந்தைக்குப் போகும் வழியில் வந்து கூடையை இறக்கினார். எனக்கு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"கெணத்துத் தண்ணி கொஞ்சம் உப்புக் கரிக்குதுங்க. பருப்பு வேக மாட்டேங்குது. அதையுங் கொஞ்சம் மேல எழுதிப் போடுங்க" என்றார்.

சரிங்க என்று சொல்லித் தாளை எடுத்தேன். அப்படி ஒரு புகாரைக் கேட்கத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன்.