வேப்பிலை கட்டிய வீடுகள்

அம்மை வந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். கடுகு வெடிக்கக் கூடாது, மிளகாய் கிள்ளிப் போடக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவே கூடாது. எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். சுகாதார இன்ஸ்பெக்டருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அதை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்தான்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் ஐந்தாவது பாரம், இப்போதைய பத்தாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். வயதுக்கு மீறிய வாய்க்கொழுப்பு. பள்ளிக்கூடத்தில் சமூக சேவைச் சங்கம் என்று ஒன்றை அந்த வருஷம் ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை தோறும் பையன்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள், சாக்கடை வெட்டுவார்கள், தெருக் கூட்டுவார்கள். பெண்கள் நாங்கள் நாலே பேர். எங்களைக் கொடி தைக்கச் சொன்னார்கள். எத்தனை கொடிதான் தைப்பது? எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தக் கோடையில் பெரியம்மை பரவியது. அம்மை குத்த வந்தவர்களுக்கு ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. ஆற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் வேறு. அணைக்குப் பிள்ளை பலி கேட்கிறதாம், கையில் குத்துகிற தழும்பு பலிக்குப் பொறுக்கி வைத்ததற்கு அடையாளமாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கைக்குழந்தையைக் காட்டு என்றாலே பெண்கள் உள்ளே ஓடினார்கள். ஆண்பிள்ளைகள் எப்படி உள்கட்டுக்குப் போவது? இன்ஸ்பெக்டர் எங்கள் ஹெட்மாஸ்டரிடம் வந்து, உங்கள் சங்கத்துப் பெண்களை அனுப்புங்கள் என்று கேட்டார். அதிலும் எனக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேச வரும். எங்கள் தெருவில் மூன்றும் புழங்கும். இன்ஸ்பெக்டருக்குத் தமிழை விட்டால் வேறு தெரியாது. அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழந்தைகளைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். பிள்ளையே இல்லை என்பார்கள், கொடியில் சின்னத் துணி ஈரமாகத் தொங்கும். கோழி அடைக்கிற கூடைக்கு அடியில் ஒரு குழந்தை, தானியக் குதிருக்குப் பின்னால் ஒரு குழந்தை, மாட்டுத் தொட்டியில் வைக்கோல் போட்டு ஒரு குழந்தை. எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தேன். அப்புறம் பெண்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு, உள்ளே அம்மா இறங்கியிருக்கிறாள், வராதீர்கள் என்றார்கள். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. இன்ஸ்பெக்டர் கையைப் பிசைந்தார். அப்போதுதான் அந்தத் தாளிப்பு விஷயத்தைச் சொன்னேன். வேப்பிலை இருந்து, தாளித்த வாசனையும் வந்தால் அது பொய். ஒரே நாளில் ஏழு வீடு அகப்பட்டது. நிஜமாகவே அம்மை கண்ட வீடு என்றால் வாசலோடு திரும்பி, நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். பெண்கள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது சனிக்கிழமை காவேரிப்பட்டினம் போகிற வழியில் இருந்த ஒரு ஊர். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அக்காவுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அதற்கு முன் பிறந்த ஆண் குழந்தை, அம்மை குத்திய நாலாம் நாள் பேதியில் போய்விட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். யார் கேட்டார்கள்? இனி இந்த வீட்டுக் குழந்தை மேல் ஊசி படாது என்று அக்காவின் மாமியார் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

அக்கா வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளேயிருந்து கடுகும் கறிவேப்பிலையும் போட்டு மொச்சைக் குழம்பு தாளித்த வாசனை கும்மென்று வந்தது. அடிப்பாவி, இதைக்கூடவா யோசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். இன்ஸ்பெக்டர் மூன்று வீடு தள்ளி நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மாமியார் களத்துக்குப் போயிருந்தாள். அக்கா குழந்தையை மடியில் போட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். ஊசி போட்டால் அன்றைக்கே தன்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள். மாமியார் வெறும் வாய் வார்த்தைக்குச் சொல்கிறவள் இல்லை, மாமாவும் அம்மா சொல்லைத் தாண்ட மாட்டார் என்றாள். நான் ஊசியின் நல்லதைப் பற்றி, ஊரெல்லாம் சொல்லிப் பழகிய பாடத்தை அவளிடமும் ஒப்பித்தேன்.

"எனக்குத் தெரியாதாடி? நம்ம ரெண்டு பேருக்கும் அப்பா குத்தித்தான வெச்சாரு. பாப்பாவுக்கும் வேணும்னுதான் இருக்குது. ஆனா நான் வாழணும்ல. இந்த ஒரு வீட்ட விட்டுடுடி."

குத்தாமல் விட்டால் குழந்தைக்கு ஆபத்து. குத்தினால் அக்காவின் வாழ்வு போச்சு. வெளியே இன்ஸ்பெக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சட்டியை முதலில் மூடித் தொலை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

நிஜம்தான் சார், குழந்தைக்கு முத்துப் போட்டிருக்கிறது என்றேன். அவர் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்த பாடமாயிற்றே.

"ஏம்மா, தாளிச்ச வாசனை வருதே?"

"பக்கத்து வீட்டுதுங்க சார்."

அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு நோட்டை எடுத்து எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். நேற்றுத்தான் புது உத்தரவு வந்திருக்கிறதாம். இனிமேல் அம்மை கண்டவர்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். ஏரிக்கரையில் கொட்டகை போட்டாயிற்றாம். திங்கட்கிழமை காலையில் தலையாரியோடு வண்டி வரும், தாயையும் குழந்தையையும் அதில் ஏற்றிவிடலாம் என்றார்.

கொட்டகையில் நிஜமாகவே அம்மை கண்டவர்கள் ஐந்தாறு பேராவது கிடப்பார்கள். ஊசி போடாத குழந்தையை நானே கொண்டுபோய் அவர்கள் நடுவில் போடுகிறேன். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் அதற்குள் அடுத்த வாசலுக்குப் போய், இங்கே வாம்மா என்று கூப்பிட்டார். போனேன். அன்றைக்கு மேற்கொண்டு எத்தனை வீடு பார்த்தேன், என்ன பேசினேன் என்று எதுவும் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் பேய் அறைந்தவள் மாதிரி திரிந்தேன். அப்பாவிடம் சொன்னால் கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிப்பார். அம்மாவிடம் சொன்னால் அப்பாவிடம் சொன்ன மாதிரிதான். களியைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இரண்டே வழிதான் இருந்தது. சும்மா இருந்தால் குழந்தை கொட்டகைக்குப் போகும். வாயைத் திறந்தால் அக்கா வீட்டை விட்டுப் போவாள். இதில் என் பேர் கெடுமே, சங்கத்தில் இனி யார் மதிப்பார்கள் என்ற நினைப்பும் நடுநடுவே வந்துபோயிற்று. அப்படியும் வந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி, புத்தகப் பையோடு மூன்று மைல் நடந்தேன். நடந்தேன் என்ன, பாதி தூரம் ஓடினேன். நான் தெருமுனையில் திரும்பும்போது மாட்டு வண்டி அக்கா வீட்டு வாசலில் நின்றுவிட்டது. தலையாரி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் நிலையை மறித்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டரும் அம்மை குத்துகிறவரும் வண்டி ஓரமாக நின்றார்கள். தெருவே கூடியிருந்தது.

"சார், நான் பொய் சொன்னேன். இந்த வீட்ல யாருக்கும் அம்மை இல்ல. பாப்பா நல்லா இருக்குது. இது எங்க அக்கா வீடு."

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கு வந்த வாசனை, என்று மட்டும் கேட்டார். இந்த வீட்டுதுதான் என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு அழுகை வந்து கொஞ்சம் ஆறியிருக்கும். திட்டவில்லை. அப்படியானால் குழந்தையை நீயே எடுத்து வா என்றார். மாமியார் என்ன நினைத்தாளோ, வழியை விட்டுத் தள்ளி நின்றாள். கொட்டகை என்ற பேச்சு அவளையும் ஆட்டிவிட்டிருந்தது என்று நினைக்கிறேன்.

அக்கா குழந்தையைத் தரவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் வட்டமான ஊசியை வைத்துத் திருகியபோது அது வீரிட்ட குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். வண்டி வெறுமனே திரும்பிப் போயிற்று. மாமியார் அக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க வீட்டு ஆளு வந்து வேலைய முடிச்சாச்சு. நீயும் அவ கூடவே போயிடு."

கட்டிய துணியோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா என் பின்னால் நடந்து வந்தாள். மூன்று மைலும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. அம்மாவிடம் பேசுவாள், அப்பாவிடம் பேசுவாள், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. அந்த இரண்டு நாளும் நான் பயந்து செத்தேன். பிறகு காய்ச்சல் விட்டது, கையில் கொப்புளம் வந்து பொருக்கு கட்டியது. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது தெரியுமா? இன்ஸ்பெக்டர் நான் பொய் சொன்னதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் ஹெட்மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு ஹெட்மாஸ்டர் என்னை மேடையில் நிறுத்தி, சொந்த அக்காள் குழந்தைக்கே அம்மை குத்த வைத்த மாணவி, சேவை என்றால் இதுதான் என்றார். பள்ளிக்கூடமே கைதட்டியது. எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து மாமா வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். அவருடைய அம்மாவுக்கு அம்மை. உடம்பு முழுக்கப் போட்டு, கண்ணுக்குள்ளும் போட்டுவிட்டது. ஏரிக்கரைக் கொட்டகை நிரம்பிவிட்டதால் வீட்டிலேயே கிடக்கிறாளாம். தம்பி பெண்டாட்டி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பங்காளி வீட்டார் வாசல் பக்கமே வருவதில்லை. தான் ஒருவனாக என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். அக்காவை வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு முகம் இல்லை.

அக்கா உள்ளே போய் இரண்டு புடவையை மடித்துத் துணிப்பையில் வைத்தாள். குழந்தையை என் இடுப்பில் கொடுத்தாள். எனக்கு வந்ததே ஆத்திரம். தெருவில் நிறுத்தி விரட்டினவளுக்கா போய்ச் செய்யப்போகிறாய், உனக்குச் சூடு சொரணை இல்லையா, கிடக்கட்டும் விடு என்று கத்தினேன். அம்மா என் வாயை அடக்கப் பார்த்தாள். அக்கா அவசரப்படவில்லை. இருபத்தோரு நாளாகப் பேசாதவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு அப்பா குத்தி வெச்சிருக்காரு, எனக்கு ஒண்ணும் வராது. நீதான் ஊர் ஊராப் போயி எல்லாருக்கும் சொன்ன. ஊசி போட்டவங்க பயப்பட வேண்டாம்னு. உனக்கும்தான் போட்டிருக்குது. நெசமாலுமே அம்மை கண்ட வீடுன்னு எத்தன வீடு எழுதிக்கிட்டு வந்த, அதுல ஒரு வீட்லயாவது உள்ள போயி ஒரு வாய் தண்ணி குடுத்தியாடி?"

அவள் மாமாவின் பின்னால் போய்விட்டாள். ஒன்றரை மாதம் கழித்து அந்த அம்மாள் ஒரு கண் போய்ப் பிழைத்து எழுந்ததும், குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி அந்த வீட்டிலிருந்தே ஆள் வந்ததும் பிறகு நடந்தவை. அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் தெரியாது. அக்காவைத் திருப்பிக் கூப்பிட்டு, கொடுத்திருக்கிறேன், நானும் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் போல ஆங்காரமாக இருந்தது. அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எழுதி வந்த வீடுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். மூன்று ஊர், பதினாலு வீடு. ஒரு வீடுகூட இல்லை.